முரண்டு பிடிக்கும் கியர்



மோட்டார் வண்டி ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டு, தமிழ்நாட்டை விட்டு வெகு தூரம் வந்து மலைநாடுகளில் வாழும் அன்பர்கள் பலர் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களிலும், அணை கட்டும் இடங்களிலும், எல்லைப்புறச் சாலைகளிலும் அவர்களைக் காணலாம். அவர்களிடம் ஒப்படைக்கப்படும் வண்டி பெரும்பாலும் நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும். அந்த வண்டியில் கியர் விழாமல் போனால், அல்லது விழுந்த கியர் திரும்பி வராமல் போனால், கோளாறு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுவே இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நாங்கள் மூவர் இராணுவ வண்டிப் பட்டறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இப்போது டேராடூனில் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறோம். டேராடூனிலிருந்து மசூரி சுமார் 35 கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் அந்தச் சிறு தூரத்திற்குள் சாலை 1,300 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. அதற்கும் அப்பால் உள்ள மலைக் கிராமங்களுக்குச் செல்லும் பாதைகளில், மழைக்காலத்தில் மண் சரிந்து சேறாகிக் கிடக்கும். ஆகவே கியர் கோளாறு என்று சொல்லிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வரும் வண்டிகளுக்குக் குறைவே இல்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், பழைய ஜீப் ஒன்று தள்ளாடியபடி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தருமபுரிப் பக்கத்து இளைஞர். பக்கத்தில் வண்டிக்குச் சொந்தக்காரர், மலைக் கிராமங்களுக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் ஒப்பந்தக்காரர், அமர்ந்திருந்தார். இறங்கியதும் அவர் எங்களிடம் ஹிந்தியில் சொன்னது இதுதான்: “முன் சக்கர கியர் மாட்டிக்கொண்டது. இவன் முரட்டுத்தனமாக இழுத்து உள்ளே எதையோ உடைத்துவிட்டான். பெட்டியைக் கழற்றிப் புதிதாகப் போட்டுவிடுங்கள். செலவை இவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்.”

அந்த இளைஞர் ஊரை விட்டு வந்து எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. அவருக்குத் தெரிந்த ஹிந்தி ‘ஆம்’, ‘இல்லை’, ‘சரி’ என்பதோடு முடிந்துவிட்டது. முதலாளி சொல்வது புரிந்தும் பதில் சொல்ல வழியில்லாமல் தலை குனிந்து நின்றார். புதுப் பெட்டியின் விலையென்றால் அவருடைய பல மாதச் சம்பளம். ஊரில் அவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து ஒரு குடும்பம் இருக்கிறது.

எங்களில் ஒருவர் அவரைத் தனியே அழைத்து, “தம்பி, எந்த இடத்தில் மாட்டியது? சேற்றிலா, தார் ரோட்டிலா?” என்று தமிழில் கேட்டார். நிமிர்ந்து பார்த்த இளைஞரின் முகத்தில் உயிர் வந்தது.

“சேற்றில் போட்டேன் அண்ணா, சுலபமாக விழுந்தது. சேறு தாண்டித் தார் ரோட்டுக்கு வந்ததும் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. போகப் போக ஸ்டீயரிங்கும் கனத்துவிட்டது. நான் அடிக்கவே இல்லை. முதலாளிதான் இறங்கி வந்து காலால் உதைத்துப் பார்த்தார்.”

நேயர்களே, அவர் சொன்ன இந்த ஐந்து வாக்கியங்களில் கோளாற்றின் பெரும்பகுதி வெளிப்பட்டுவிட்டது. எப்படி என்பதை அறிய, வண்டியின் உள்ளமைப்பைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

இஞ்சினுக்குப் பின்னால் கிளட்ச்; அதன் பின்னால் கியர்ப்பெட்டி. சாதாரணக் காரில், கியர்ப்பெட்டியிலிருந்து புறப்படும் சக்தி ஓர் அச்சுக்குப் போய்ச் சேர்வதோடு காரியம் முடிந்தது. ஜீப்பிலோ கியர்ப்பெட்டியை அடுத்து இன்னொரு பெட்டி உண்டு. இதனை மெக்கானிக்குகள் டிரான்ஸ்பர் கேஸ் என்பார்கள். இதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு ஷாப்டும் முன் அச்சுக்கு ஒரு ஷாப்டும் செல்கின்றன. பழைய ஜீப்பில் ஓட்டுநரின் கையருகே மூன்று லீவர்கள் இருப்பது இதனால்தான். ஒன்று வழக்கமான கியருக்கு. ஒன்று முன் சக்கரங்களை இணைப்பதற்கு. மற்றொன்று செங்குத்தான ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவதற்கு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் உருவான இந்த அமைப்பு, 1940-களின் இறுதியிலிருந்து பம்பாயில் பூட்டப்பட்ட ஜீப்புகளின் வழியாக நம் நாடெங்கும் பரவியது. பின்னர் வந்த வண்டிகளில் லீவர்களின் எண்ணிக்கை குறைந்தது, அடிப்படை மாறவில்லை.

முன் சக்கர லீவரைப் போட்டவுடன், முன் ஷாப்டும் பின் ஷாப்டும் ஒன்றோடொன்று கெட்டியாகப் பூட்டப்படுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். ஆனால் வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. பழைய ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம், அதாவது சுமார் 2 மீட்டர் தூரம். முன் பக்கம் 6 மீட்டர் ஆரத்தில் செங்கோணமாக ஒரு முறை திரும்பினால், முன் அச்சு பின் அச்சைவிட ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் அதிக தூரம் செல்லவேண்டியிருக்கும். ஷாப்டுகளோ அதற்கு இடங்கொடுக்க மாட்டா. சேற்றிலும் மணலிலும் ஏதாவது ஒரு சக்கரம் சற்றே வழுக்கி அந்தக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் டயர் வழுக்காது. அப்போது அந்த வேறுபாடு முழுவதும் ஷாப்டுகளில் முறுக்காக ஏறி நிற்கும். டிரான்ஸ்பர் கேஸில் உள்ள பற்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும். லீவர் அசையாது.

நம் ஊர் மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாடுகளும் எதிரும் புதிருமாக இழுத்துக்கொண்டு நிற்கையில் பூட்டாங்கயிற்றை அவிழ்க்க முடியுமா? கயிற்றின்மேல் கோபித்துக்கொண்டு அரிவாளை எடுப்பவன் அறிவாளி ஆகமாட்டான். வண்டியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் கயிறு தானே தளர்ந்துவிடும். ஜீப்பிலும் அதுவே வழி. நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்ட வேண்டும்; அல்லது ஒரு பக்கச் சக்கரங்களைச் சாலையோரத்து மண்ணில் இறக்கி ஓட்ட வேண்டும். முறுக்கு இறங்கியதும் லீவர் இரண்டு விரலுக்கு வந்துவிடும். இதற்கு ஸ்பானரும் வேண்டாம், சுத்தியும் வேண்டாம்.

இந்தப் பாடத்தை நாங்கள் எளிதில் கற்றுக்கொண்டோம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பட்டறை தொடங்கிய புதிதில், இதே நிலையில் வந்த ஒரு வண்டியின் பெட்டியை இரண்டு நாள் செலவிட்டுக் கழற்றினோம். ஷாப்டைப் பிரித்த அக்கணமே முறுக்கு இறங்கிப்போனதை நாங்கள் கவனிக்கவில்லை. உள்ளே ஒரு பழுதும் இல்லை. மறுபடி பூட்டினோம், லீவர் நன்றாக வேலை செய்தது. ஏதோ சரி செய்துவிட்டோம் என்று நம்பிக் கூலியும் வாங்கினோம். ஒரே வாரத்தில் அந்த வண்டி அதே கோளாற்றுடன் திரும்பி வந்தது. வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தோம். வெட்கம் மட்டும் மிஞ்சியது. அன்று முதல், கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்காமல் எந்தப் பெட்டியையும் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

என்னென்ன கேட்க வேண்டும்? வரிசையாகச் சொல்கிறோம்.

முதற் கேள்வி: இஞ்சினை நிறுத்திவிட்டால் கியர் விழுகிறதா? சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்திற்கு முட்டுக் கொடுத்து, இஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். பற்கள் நேருக்கு நேர் நின்றுவிட்டால் ஒரு கியர் சில சமயம் தடுக்கும். வண்டியைக் கொஞ்சம் அசைத்தால் விழும். இவ்வாறு எல்லாக் கியர்களும் ஒழுங்காக விழுந்து, இஞ்சின் ஓடும்போது மட்டும் கரகரவென்று கத்தினால், குற்றம் கியர்ப்பெட்டியினுடையது அன்று. கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்று பொருள். பெடலில் வெற்றாட்டம் அதிகமாகியிருக்கலாம். பழைய ஜீப்புகளில் அது சுமார் ஓர் அங்குலம் இருப்பது வழக்கம், எனினும் அந்தந்த வண்டிக்கு உரிய கையேட்டின் அளவே முடிவானது. கேபிள் நீண்டிருக்கலாம். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்சானால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். மழைக்காலம் முழுவதும் ஓடாமல் கிடந்த வண்டியில் கிளட்ச் பிளேட் துருவேறி ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

இரண்டாம் கேள்வி: தகராறு செய்வது எந்த லீவர்? ‘கியர் விழவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. முதன்மைக் கியரா, முன் சக்கர இணைப்பா, குறைந்த வேக இணைப்பா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். குறைந்த வேகத்திற்கான லீவரை ஓடும் வண்டியில் போட முயன்றால் பற்கள் கத்துவது இயல்பு; பழைய ஜீப்பில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். மேலும், முன் சக்கரங்களை முதலில் இணைக்காமல் குறைந்த வேகத்திற்குப் போக விடாதபடி அந்தப் பெட்டிக்குள் ஒரு தடுப்பு உண்டு. பின் அச்சு ஒன்றே அவ்வளவு இழுவையையும் தாங்கி முறிந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த காவல் அது. இதைக் கோளாறு என்று எண்ணி லீவரை வளைத்தவர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

மூன்றாம் கேள்வி: எந்தத் தரையில், எப்போது? தார் ரோட்டில் மட்டும் மாட்டிக்கொண்டு சேற்றில் ஒழுங்காக இருந்தால் அது முறுக்கு. குளிர்காலக் காலையில் மட்டும் கடினமாக இருந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால், எண்ணெய் உறைந்து தடித்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆற்றைக் கடந்த பின்பு தொடங்கியதானால், பெட்டிக்குள் தண்ணீர் புகுந்ததா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்த கியர் ஆயில் மோர் போல் வெளுத்திருக்கும். பழைய ஜீப்பில் கியர்ப்பெட்டியின் எண்ணெய் டிரான்ஸ்பர் கேஸுக்குக் கசிந்துவிடுவதும் உண்டு. ஆகவே இரண்டிலும் தனித்தனியே அளவு பார்க்க வேண்டும்.

நான்காம் கேள்வி: போட்ட கியர் நிற்கிறதா? இறக்கத்தில் காலை எடுத்தவுடன் லீவர் தானாகத் துள்ளி நடுவுக்கு வந்துவிட்டால், அது வேறு வகைக் கோளாறு. கியரை நகர்த்தும் கவை போன்ற துண்டைப் போர்க் என்பார்கள். அது ஏறியிருக்கும் தண்டில் சிறு பள்ளங்கள் உண்டு. வில்லின் விசையால் ஒரு குண்டு அந்தப் பள்ளத்தில் அழுந்தி, கியரை இருந்த இடத்தில் நிறுத்துகிறது. வில் களைத்துப் போனாலும், போர்க் தேய்ந்தாலும், பற்களின் ஓரம் மழுங்கினாலும் கியர் துள்ளும். ஆனால் அதற்கும் முன்பாக, இஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள். அவை நைந்து பெட்டியே அசைந்தால், தளத்துத் தகரத்தில் லீவர் மோதித் துள்ளுவதும் உண்டு. இரண்டு ரப்பர்களை மாற்றித் தீரும் கோளாற்றுக்குப் பெட்டியைத் திறக்க வேண்டுமா?

ஐந்தாம் கேள்வி: லீவர் சுலபமாக விழுந்தும் முன் சக்கரம் இழுக்கவில்லையா? பல ஜீப்புகளில் முன் சக்கரங்களின் நடுவே கையால் திருகிப் பூட்டும் ஹப்கள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றைப் பூட்ட மறந்தால் லீவர் வேலை செய்தும் பயன் இராது. ஒன்றை மட்டும் பூட்டினாலும் அப்படியே.

இந்த ஐந்துக்கும் விடை கிடைத்த பின்னரே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

இனி அந்தத் தருமபுரி இளைஞரின் வண்டிக்கு வருவோம். முறுக்கு என்பது விளங்கிவிட்டது. அதை முதலாளியின் கண் முன்னாலேயே காட்டுவதென்று தீர்மானித்தோம். பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன் சக்கரம் ஒன்றின் பக்கம் ஜாக்கி வைத்து மெல்லத் தூக்கினோம். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னோம். ஏனெனில் முறுக்கேறிய சக்கரம் தரையை விட்டு எழும் கணத்தில் தானாகச் சுழலும். கை வைத்தவர் விரலை இழக்க நேரும். சொன்னபடியே, டயர் தரையை விட்டதும் சக்கரம் சட்டென்று கால் சுற்றுச் சுழன்று நின்றது. “இப்போது லீவரை எடுங்கள்” என்றோம் முதலாளியிடம். அவர் கை வைத்தார். வெண்ணெயில் கத்தி போல் வந்துவிட்டது. சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்.

ஆயினும் எங்களுக்கு ஒரு சந்தேகம் எஞ்சியிருந்தது. சேற்றைத் தாண்டிச் சிறிது தூரமே ஓடிய வண்டியில் இவ்வளவு முறுக்கு ஏறுவானேன்? டயர்களைப் பார்த்தோம். முன்னிரண்டும் புத்தம் புதியவை. பின்னிரண்டும் தேய்ந்து வழவழத்தவை. நான்கிலும் காற்றைச் சரியான அளவுக்கு நிரப்பிவிட்டு, டயரின் அடியிலும் அதற்கு நேரே தரையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியைத் தள்ளி, சக்கரம் ஐந்து சுற்றுச் சுற்றும் தூரத்தை முன்னும் பின்னும் அளந்தோம். முன் சக்கரம் ஐந்து சுற்றில் கடந்த தூரம், பின் சக்கரம் ஐந்து சுற்றில் கடந்ததைவிட ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் அதிகம். தேய்மானத்தால் பின் சக்கரத்தின் ஆரம் 1 சென்டிமீட்டர் குறைந்தாலே இந்த வேறுபாடு வந்துவிடும். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குச் சக்கரம் சுமார் 450 முறை சுற்றுகிறது. ஆக, கிலோமீட்டருக்கு 28 மீட்டர் அளவுக்கு முன் அச்சும் பின் அச்சும் முரண்படுகின்றன. ஒரு வளைவில் வரும் அரை மீட்டர் வேறுபாடு இதற்கு முன் எம்மாத்திரம்! நேர்ச் சாலையில் ஓடினாலும் இந்த வண்டி மாட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

இரண்டு பெட்டிகளின் எண்ணெயையும் இறக்கிப் பார்த்தோம். உலோகத் துகள் இல்லை, நிறமும் கெடவில்லை. உதைபட்ட லீவர் மட்டும் சற்றே வளைந்திருந்தது. அதை நிமிர்த்திக் கொடுத்தோம். பின் டயர்கள் இரண்டையும் முன் டயர்களின் அளவுக்கும் அமைப்புக்கும் ஒத்தவையாக மாற்றும் வரையில், தார் ரோட்டில் முன் சக்கர லீவரைத் தொடவே கூடாது என்று சொன்னோம்.

புது டயர்களை முன்னால் போடச் சொன்னவர் முதலாளியே. செலவைச் சிக்கனப்படுத்தவே அவர் அவ்வாறு செய்தார். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. விஷயத்தை எடுத்துச் சொன்னபோது அவர் கோபிக்கவும் இல்லை. “இவன் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!” என்றார். “சொன்னான் ஐயா. எந்த மொழியில் சொல்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை” என்று நாங்கள் பதில் சொன்னோம். அந்த மாதம் இளைஞரின் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்கப்படவில்லை. இரண்டு பின் டயர்களும் அடுத்த வாரமே மாறின.

இக்காலத்தில் லீவருக்குப் பதிலாகப் பொத்தானைத் திருகி முன் சக்கரங்களை இணைக்கும் வண்டிகள் பல வந்திருக்கின்றன. சிறு மின் மோட்டார் ஒன்று உள்ளே போர்க்கைத் தள்ளுகிறது. மாட்டிக்கொண்டால் அறிவிப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். உதைப்பதற்கு அங்கே லீவர் இல்லை, அவ்வளவே. அங்கும் வண்டியை நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பதே முதல் வைத்தியம். 1970-ல் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் போன்ற வேறு சில வண்டிகளில், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் டிப்பரன்ஷியல் ஒன்று நடுவிலும் உண்டு. அதைப் பூட்டாத வரையில் முறுக்கு என்னும் பேச்சுக்கே இடமில்லை. பூட்டிவிட்டால் அவையும் ஜீப்பைப் போன்றவையே. உங்கள் வண்டி எந்த வகையைச் சேர்ந்தது என்று கையேட்டைப் பார்த்து முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டி ஓட்டும் அன்பர்களுக்கு முடிவாக ஒன்று சொல்ல விரும்புகிறோம். கோளாறு நேர்ந்த கணத்தில் உங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. எந்த லீவர், எந்தத் தரை, எவ்வளவு தூரம் ஓடிய பிறகு, என்ன சத்தம் என்று ஒரு சிறு நோட்டில் உடனே குறித்து வையுங்கள், தமிழிலேயே எழுதலாம். பிறகு, நீங்கள் வாழும் ஊரின் மொழியில் இந்த நான்கு செய்திகளையும் சொல்வதற்கு வேண்டிய வார்த்தைகளை அங்குள்ள நண்பர் ஒருவரிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வண்டியைக் காப்பதற்கு அது உதவும். உங்கள் நல்ல பெயரைக் காப்பதற்கும் அதுவே உதவும்.

அந்தத் தருமபுரித் தம்பி இரண்டு மாதம் கழித்து எங்கள் பட்டறைக்கு வந்திருந்தார். கிளட்ச் கேபிள் நீண்டிருக்கிறது என்றார். இஞ்சினை அணைத்துப் பார்த்தாயா என்று கேட்டோம். “பார்த்தேன் அண்ணா, அணைத்தால் விழுகிறது, ஓடினால் கத்துகிறது” என்று சொல்லி, அதையே முதலாளியிடம் எப்படிச் சொன்னார் என்று ஹிந்தியிலும் சொல்லிக் காட்டினார். இலக்கணம் சரியில்லைதான், ஆனால் கோளாறு சரியாகச் சொல்லப்பட்டிருந்தது. கால் மணி நேரத்தில் கேபிளை முடுக்கி அனுப்பினோம்.